நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு

மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்த மிஸ்ஸி
என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்,
மற்றக் கையைப் பிடித்தாள்,
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.
'நாடி இராது பிள்ளை,
காதை வைச்சுக் கேள்' என்றேன்.

மூன்று வயலுக்கு அப்பால்
ஆரோ மிசின் போட்டு இறைக்கிற சத்தம்.
அப்படித்தான் கேதீஸ் சொல்வார்.

ஆரூரன் பிறந்த மாதம்
'இதயம் பெருத்துப் போச்சு' என்றார் டொக்டர்.
ஏதோ புகழ்ச்சி என்று நினைத்து
இவர் சிரித்தார்.
அந்தச் சிரிப்புக்கு இன்னும் என்னிடம்
மன்னிப்புக் கேட்கிறார்.

சூரிச் அக்காவின் காசு, சென்னையில் ஒன்பது கிழமை.
வயிற்றால் வெளியே வருகிற வயர்,
இடுப்பில் பெட்டி, தோளில் இரண்டு பற்றறி.
நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுற்று.
மாவிடித்தாலும் அதுதான்,
படுத்துக் கிடந்தாலும் அதுதான்.
வேலை கூடக் கூட
தானும் கூட ஓடுகிற குணம்
பழைய இதயத்தோடு போயிற்று.

ஆகவே அரை வாளி.
கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில்
வேப்பமரத்தடியில் ஒரு கதிரை.
தேங்காய் என்றால் ஒரு பாதி, பிறகு ஒரு பேச்சு,
பிறகு மறு பாதி.
நனைந்த பெட்சீற்றின் ஒரு நுனியை ஆரூரன் பிடிப்பான்.
முறுக்குவது அவன். நான் தூண்.
அவனைத் தூக்கியதில்லை.
இப்போது ஏழு வயது,
இனி அவனே விடமாட்டான்.

வவுனிக்குளக் கட்டுக்கு முப்பத்தொரு படி.
பதினொன்றில் நிற்பேன்
தண்ணீரைப் பார்க்கிறவள் மாதிரி.
இருபத்திரண்டில்
செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் மாதிரி.
மேலே போய்
உண்மையாகவே தண்ணீரைப் பார்ப்பேன்.
இறங்கித் தோயத்தான் முடியாது.

பங்குனியில் ஓர் இரவு, நெல் வீட்டுக்குள் இருந்தது.
மணம் பிடித்து வந்துவிட்டது யானை.
தகரம் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள்.
கேதீஸ் மகனைத் தூக்கி
மதிவதனன் வீட்டு மாடிக்கு ஓடிவிட்டார்.
நான் சுவரில் கொழுவியிருந்தேன்,
சார்ஜில் கிடக்கும் போனைப் போல.

முதல் வயரைக் கழற்று, பற்றறியில் பூட்டு.
பச்சை எரியும்வரை பொறு.
பிறகு மற்ற வயர்.
இரண்டையும் ஒன்றாய்க் கழற்றாதே.
சென்னை நேர்ஸ் நூறு தரம் சொன்னது.
சுவருக்கு அந்தப் பக்கம்
செங்கல் ஒவ்வொன்றாய் விழுகிறது.
இந்தப் பக்கம் பச்சை எரிகிறது.

'ஓடி வா! ஓடி வா!'
ஊர் முழுக்கக் கத்துகிறது.

எனக்கு ஓடத் தெரியும்.
பத்தொன்பது வயதில்
தை தொடக்கம் சித்திரை வரை
வேறொன்றும் செய்யவில்லை.
அப்போது நெஞ்சு அடித்த அடியில்
ஷெல் சத்தம் பாதி கேட்கவில்லை.

இப்போதும் பயம் வந்தது.
அடித்துக் காட்ட ஒன்றுமில்லாமல்
கதவு தெரியாத விருந்தாளி மாதிரி
உடம்பைச் சுற்றிச் சுற்றி நின்றது.
நான் நடந்தேன்.
நிலவில், வேலியோரம், எழுபது எட்டு,
நடுவில் ஒருக்கால் நின்று மூச்செடுத்து.
திரும்பிப் பார்த்தேன்.
அதுவும் அவசரப்படவில்லை.
தும்பிக்கையால் மூட்டை வாயைத் தடவி
சாவகாசமாய் அவிழ்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மூட்டை போயிற்று. ஒரு சுவர்.

விடிய கேதீஸ் சாந்து குழைத்தார்.
மகனைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றி
ஒன்றும் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
அவரால் ஒருவரைத்தான் தூக்க முடியும்,
எனக்கோ வயரை மாட்ட வேண்டும்.
கதிரையை வேப்பமரத்தடியிலிருந்து
இழுத்து வந்து போட்டான் ஆரூரன்.
இருந்தபடியே
செங்கல்லை எடுத்து நீட்டினேன்.
ஒன்று.
அவர் பூசி, வைத்து, தட்டி,
மட்டம் பார்த்துத் திரும்ப
அடுத்தது என் கையில்.
சுவர் கட்டுகிறவனின் வேகத்துக்கு
என் வேகம் காணும்.